வேன் அக்கா இறக்கிய காற்று

அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. முன்பக்கம் டயர் கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். லாரிச் சக்கரத்தின் டிஸ்க்கிலிருந்து டயரைப் பிரிப்பதற்காகச் சம்மட்டியால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அடுக்களை வரைக்கும் வந்து விழும். உப்பை எடு என்று சொல்வதற்கே ஊரைக் கூட்டுகிற தொண்டை வேண்டும். வெளியாள் கேட்டால் சண்டை என்று நினைப்பார். பாதி நாள் அது சண்டையாகவும் இருந்தது.

அந்த வீட்டின் மூத்த மகளை எல்லாரும் வேன் அக்கா என்பார்கள். குடியிருப்பிலிருந்து கல்குவாரிக்கு வேலையாட்களை, பெரும்பாலும் பெண்களை, காலையில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிற வேன் அவளுடையது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் தம்பிதான் இப்போது டயர் கடையை நடத்துகிறவன். அவனுக்குச் சம்மட்டி என்று பெயர் விழுந்ததற்குத் தொழில் மட்டும் காரணமில்லை. எதிரே, சாலையைக் கடந்தால், அவள் கணவரின் பிரேக் பட்டறை. அவர் பிரேக்காரர். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பதாலோ என்னவோ, நிமிர்ந்து நின்று பேசுகிற வழக்கமே அவருக்கு இல்லை.

சம்மட்டியின் கோபத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. அவன் வளர்ந்து தோள் பருத்து அப்பாவுக்குச் சமமாகக் கடையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. கல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. இப்பத்தான் காத்து இறங்கிச்சு, பக்கத்துலதான், என்று டிரைவர் சொன்னார். உண்மையில் முழுச் சுமையோடு காற்றில்லாத டயரை மலைப்பாதை நெடுக உருட்டிக்கொண்டு வந்திருந்தார். கம்பி வைத்துச் செய்த டயர் அப்படி ஓடினால், ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி போல, பக்கச்சுவருக்குள் இருக்கிற கம்பிகள் வரிசையாக ஒடிந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பக் காற்றை ஏற்றும்போதுதான் தெரியும். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றுக் குழாயைச் சொருகினார். டயரின் பக்கச்சுவர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரில் அறைந்தது அந்தக் காற்று. தேநீர்த் தூக்கோடு வாசலில் நின்றிருந்த அவள், சுவரோரம் கிடந்த உடம்பை அதன் சட்டையை வைத்துத்தான் அப்பா என்று அறிந்தாள். முகத்தை வைத்து அறிய வழியில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாளே தம்பி அந்த டிரைவரைத் தேடிப் போனான். வீல் ஸ்பேனரோடு போனான். அந்த ஆள் புகார் கொடுக்கவில்லை. தான் சொன்ன பொய் அவருக்கே தெரியும். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அதன் பிறகு கடைக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, தடித்த இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துத் தம்பியே செய்த கூண்டு. எந்தச் சக்கரமாக இருந்தாலும் கூண்டுக்குள் நிறுத்திவிட்டு, எட்ட நின்றுதான் காற்று ஏற்றுவான். இன்னொன்று, டயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பான். காற்றில்லாமல் ஓடிய டயரின் வயிற்றில் கருந்தூள் உதிர்ந்து கிடக்கும். அந்தத் தூள் விரலில் ஒட்டினால் போதும், கொண்டுவந்தவனுக்கு அன்றைக்குச் சனி. ஒருத்தனை அறைந்து எண்ணெய் டிரம்முக்குள் தலையை அழுத்தினான். இன்னொருத்தனை அவன் லாரியின் கதவிலேயே மோதினான். ஆட்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் உண்மை பேசவில்லை, நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வேறெங்காவது நிறுத்தி உள்ளே துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு அவன் கடைக்கு வருகிறவர்களை வேன் அக்காவே பார்த்திருக்கிறாள்.

கூண்டுக்குள் போகாத சக்கரங்கள் உலகத்திலேயே அவளுடைய வேன் சக்கரங்கள் மட்டும்தான். அக்கா வண்டிக்கு என்னத்துக்குக் கூண்டு, அக்கா எங்கிட்ட எதை மறைக்கப்போறா, என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொள்வாள்.

ஏனென்றால் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

வேனுக்கு டயர் தேர்ந்தெடுப்பவன் தம்பிதான். அவனுக்குத் தெரிந்த எதிரி கல் ஒன்றுதான். குவாரியில் சிதறிக் கிடக்கிற கல் கத்தி மாதிரி இருக்கும், டயரின் விலாவைக் கிழித்துவிடும். அதனால் லாரிக்குப் போடுகிற ஜாதியிலேயே சின்ன அளவாகப் பார்த்து, கம்பி வைத்த, பக்கச்சுவர் தடித்த, தரையில் பதிகிற முகத்தில் கட்டை கட்டையாகப் பட்டன் வெட்டிய, நகத்தை அழுத்தினால் பதியாத கெட்டி ரப்பர் டயரை மாட்டிவிட்டான். குண்டு போட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது என்று காலால் உதைத்துக் காட்டினான். அவன் சொன்னதில் பொய்யில்லை. கல் அதை ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் அந்த டயர் ஆளை ஏற்றுகிற வண்டிக்கு ஆனதல்ல. கல் மூட்டையின் கனத்துக்குச் செய்த டயரில் மெலிந்த பெண்கள் சிலர் உட்கார்ந்தால் அது தரையில் படிந்து உட்காராது, துள்ளும். முதுகெலும்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருக்குது அக்கா என்று பின் இருக்கையிலிருந்து தினமும் ஒப்பாரி. அது போகட்டும் என்றால், மழை வந்ததும் சரிவு பயமுறுத்தத் தொடங்கியது. குவாரிக்கு இறங்குகிற தார்ச் சாலை அது. லாரிகள் சிந்திய எண்ணெயும் கல் மாவும் மழையில் குழைந்து தார் முழுக்கச் சோப்பு பூசினாற்போல் கிடக்கும். அந்தக் கெட்டி டயர்கள் அதில் பிடிமானமே இல்லாமல் வழுக்கின. வண்டியின் பின்பக்கம் அவளைக் கேட்காமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

சாலைக்கு ஏற்ற வேறு டயர் போடு என்று அவள் கேட்டுப் பார்த்தாள். கல் கிழித்த டயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். வழுக்குகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்ப மாமாவோட பிரேக்தான் சரியில்ல, கேக்கறேன் இரு, என்று எழுந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சரிவுக்கு முன்னால் கண்ணாடி துடைக்கிற சாக்கில் வண்டியை நிறுத்தி, ஓர் ஆணியால் வால்வின் மூக்கை அழுத்தி, ஒவ்வொரு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவாள். டயர் தளர்ந்து சப்பையாகித் தரையைக் கவ்விக்கொள்ளும். துள்ளலும் அடங்கும். மாலையில் திரும்பும்போது பெட்ரோல் பங்கில் காற்றை ஏற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கடை வாசலில் வந்து நிறுத்துவாள். காற்றில்லாமல் ஓடுவது வேறு, காற்றுக் குறைந்து ஓடுவது வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டயர்காரர் மகள், அது அவ்வளவு வேறல்ல என்றும் அவளுக்குத் தெரியும்.

பிரேக்காரருக்கும் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், தேய்ந்த டயரின் ஓரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். காற்றுக் குறைந்தால்தான் ஓரம் அப்படித் தேயும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் காலையில் தம்பி தானாகவே காற்று அளக்கிற கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, நாலு டயரையும் கல்லாக ஏற்றி அனுப்பினான். அன்றைக்கு ஆட்கள் ஏற நேரமாகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. சரிவுக்கு முன்னால் நிறுத்தவில்லை அவள். இரண்டாவது வளைவில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி அவள் கையைவிட்டுப் போனது. ஸ்டியரிங் எங்கேயோ, சக்கரம் எங்கேயோ. பின்பக்கம் அரை வட்டம் சுற்றிவந்து கட்டைச்சுவரில் மோதியது. கண்ணாடிகள் உள்ளே கொட்டின. சாப்பாட்டுத் தூக்குகள் பறந்தன. கல் உடைக்கிற பெண்களில் சின்னவள், எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் செய்கிறவள், இருக்கைக் கம்பியில் மோதிக் காறை எலும்பு முறிந்து அலறினாள். இரத்தம் எவளுடையது எவள் மேல் என்று புரியவில்லை. கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தபோது, என்ன ஆச்சு என்று தம்பி ஓடிவந்து கேட்டான். பிரேக் போட்டேன், நிக்கல, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வார்த்தையை அவள் தேடி எடுப்பதற்குள் அவன் சாலையைக் கடந்துவிட்டான்.

சம்மட்டிக்கு ஒரு பழக்கம். அக்கா புருஷனுக்கு மரியாதை குறைய விடமாட்டான். அடிக்கும்போதுகூட.

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றான்.

அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். சட்டையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி, நிமிர்ந்த முகத்தில் குத்தினான். அவர் விழுந்தார். எழுந்திரிங்க மாமா என்று எழுப்பி மறுபடி குத்தினான். பட்டறைத் தரையில் எண்ணெயோடு இரத்தம் கலந்தது. இரண்டு பல் தெறித்து ஸ்பேனர்களுக்கு நடுவே விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள், கிட்டே வரவில்லை. வேன் அக்கா தம்பியின் முதுகில் தொங்கிக்கொண்டு இழுத்தாள், எருமையை இழுப்பதுபோல இருந்தது.

பிரேக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, பிரேக் லைனிங்ல எண்ணெய் பட்டிருக்குப்பா, பாக்காம விட்டுட்டேன், என் தப்புதான், என்றார்.

அன்று மாலை உப்புத் தண்ணீரால் அவர் வாயைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் இரத்தத் தண்ணீரைத் துப்பினார்.

"டயர்னு சொன்னா ஏன் வழுக்குச்சுன்னு கேப்பான். அப்புறம் காத்து இறக்கினது வெளிய வரும். உன்னை அடிச்சா நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? எனக்குப் பல்லு போனா பரவால்ல, மென்னு திங்கற அளவுக்கு நீ எங்க சமைக்கற?"

அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிக்க வாய் ஒத்துழைக்கவில்லை.

வண்டியைத் தட்டிச் சரிசெய்து மறுபடி ஓட்டத் தொடங்கியபோது அவளுக்குச் சரிவென்றால் அந்தப் பள்ளம்தான் கண்ணில் நின்றது. அதனால் முன்னைவிட அதிகமாகக் காற்றை இறக்கினாள். டயரின் விலா பிதுங்கி, தொட்டால் சுடுகிற அளவுக்கு ஓட்டினாள். ஒரு மாலை, திரும்பிவரும் வழியில் பின் டயர் ஒன்றில் எதுவோ ஏறி, இருந்த காற்றும் போனது. கொட்டுகிற மழை. வண்டி நிறையக் களைத்த பெண்கள், காறை எலும்புக் கட்டோடு முதல் முறையாக வேலைக்கு வந்த சின்னவள் உட்பட. நிறுத்திச் சக்கரம் மாற்ற அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே உருட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

காலையில் எழுந்து அவள் வாசலுக்கு வருவதற்குள் தம்பி சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குள் உருட்டியிருந்தான். ஆணி ஏறியிருக்கு, வண்டி நின்ன இடத்துலதான் இறங்கியிருக்கும்போல, என்று அவனே காரணமும் வைத்திருந்தான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் டயரை டிஸ்க்கிலிருந்து பிரிக்கவில்லை. உள்ளே விரலை விடவில்லை. ஆணியைப் பிடுங்கி, வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் சொருகி, வெளியே நீட்டிய வாலை நறுக்கினான். கூண்டு ஓரமாகக் காலியாக நின்றது. சக்கரத்தைத் தரையில் சாய்த்துப் படுக்கப்போட்டுவிட்டு, அதன் மேல் கவிழ்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றுக் குழாயைச் சொருகினான். அப்பா உட்கார்ந்த அதே இடம் அல்ல, அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளர்கள் உள்ளே கிணுகிணுத்தன.

வேன் அக்காவுக்கு அப்போது இரண்டு பயங்கள். ஒன்று அவன் கை. இன்னொன்று அவன் முகம், டயருக்கு மேலே குனிந்திருந்த அந்த முகம். சொன்னால் கை வரும். சொல்லாவிட்டால் முகம் போகும். இதை எடை போட ஒரு நொடி போதும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். டயருக்குள் காற்று போய்க்கொண்டே இருந்தது. டயரின் விலாவில், எழுத்துகளுக்குக் கீழே, சின்னதாக ஒரு புடைப்பு எழுந்தது.

"நிறுத்துடா" என்றாள். கம்ப்ரஸர் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

பாய்ந்து போய்க் குழாயைப் பிடித்து வால்விலிருந்து பிடுங்கினாள். வேலை நடுவில் எவனோ கையை வைத்துவிட்டான் என்று மட்டும்தான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே புறங்கையை வீசினான். அது அவள் காதில் விழுந்தது. அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் அவள் போய் விழுந்தாள், அடுக்கு சரிந்து அவள் மேல் உருண்டது. யார் என்று பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஆனாலும் கோபம் பாதி வழியில் நிற்கிற ஜாதி இல்லை.

"பைத்தியமா உனக்கு?"

அவள் எட்டிக் கம்ப்ரஸர் சுவிட்சைத் தட்டினாள். திடீரென்று கடை முழுக்க அமைதி.

"காத்தை நான் இறக்கியிருக்கேன்டா. மழைக்காலம் பூரா. தினமும். நேத்து காத்தே இல்லாம ஓட்டியும் வந்தேன்."

அவன் வாயைத் திறந்தான். அப்போது அந்த அமைதியில் இருவருக்கும் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, டயருக்குள் டிக் என்று ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் நிறைய.

ஊரையே நடுங்க வைக்கிற சம்மட்டி அசையவில்லை. கால்கள் தரையில் முளைத்துவிட்டன. கண் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அது பார்த்தது வேறு எதையோ. அவள் எழுந்து அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, தன் கனம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். இருவருமாகத் தூணுக்குப் பின்னால் விழுந்தார்கள்.

டயர் கிழிந்தது. சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ எட்டி உதைத்தாற்போல் இருந்தது. சக்கரம் எகிறிக் கூரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு வானத்தைக் காட்டிவிட்டுக் கீழே வந்து, காற்று ஏற்ற அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்து, துள்ளி, கல்லா மேசையை இரண்டாகப் பிளந்தது. அறுந்த கம்பிகளோடு பறந்த ரப்பர்ப் பட்டை ஒன்று அவள் முழங்கையை உழுதுவிட்டுப் போனது. தூசி, ரப்பர் நெடி, எங்கோ கண்ணாடி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

தூசிக்குள்ளிருந்து தம்பி எழுந்தான். ஒரு காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது. வாசலில் பிரேக்காரர் நின்றிருந்தார். சத்தம் கேட்டுச் சாலையைக் கடந்து ஓடி வந்திருந்தார். இவளைத் தேடிய அவர் கண்ணில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அது தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்தார்.

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கையில் என்ன கிடைத்தது என்று அவள் பார்க்கவில்லை. டயர் பிரிக்கிற லீவர் அது, முழங்கை நீள இரும்பு. தம்பி ஓங்கிய கை அவர் முகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் அடித்தாள். தடுப்பதற்காக அல்ல. உடைப்பதற்காகவே அடித்தாள். மணிக்கட்டு எலும்பு போன சத்தம் சன்னமாக, தெளிவாகக் கேட்டது.

அவன் தன் கையைப் பார்த்தான், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. மெல்ல உட்கார்ந்தான்.

"ஏன் சொல்லலன்னு கேக்கறியா?" அவளுக்கு மூச்சு இரைத்தது. லீவரை விடவில்லை. "உங்கிட்ட யார்டா சொல்லுவா? அப்பாகிட்ட அந்த டிரைவர் ஏன் பொய் சொன்னான் தெரியுமா? அப்பாவும் அடிப்பாரு. காத்தில்லாம ஓட்டிட்டு வந்தவனை அதே வாசல்ல வெச்சு அடிச்சு நான் பாத்திருக்கேன். நீயும் பாத்திருக்க. அந்த ஆளு பயந்துதான் சொன்னான். நானும் பயந்துதான் இருந்தேன். உன்னைக் கொல்லப் பாத்தேன்டா, பயந்துக்கிட்டே."

பிரேக்காரர் ஒரு பலகைத் துண்டையும் பழைய துணியையும் எடுத்துவந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக் கட்டினார். தன்னை அடிக்க ஓங்கிய கை என்று நினைத்ததாகவே தெரியவில்லை. பிரேக் ஷூவை மாட்டுகிற கவனத்தோடு கட்டினார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவர் கிளப்பியபோது எழுந்திருக்கவில்லை.

"எந்த வளைவுல வழுக்குது?" என்று கேட்டான்.

இத்தனை காலத்தில் அவன் அவளிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததே இல்லை. இரண்டாவது வளைவு என்றாள். மழை பிடிக்கும்போதும் விடும்போதும்தான் ரொம்ப மோசம், கொட்டும்போது பரவாயில்லை என்றாள். கல் கிடக்கிற தரை எவ்வளவு தூரம் என்று கேட்டான். குவாரி கேட்டுக்கு உள்ளே போனால் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் தார் என்றாள். வண்டி என்றைக்காவது நிறைந்து போயிருக்கிறதா என்று கேட்டான். நிறைந்தாலும் என்ன கனம், எல்லாம் காற்றடித்தால் பறக்கிற உடம்புகள், என்றார் பிரேக்காரர், பல் போன இடத்தில் காற்று சீற. தம்பி அந்த வாயைப் பார்த்துவிட்டுப் பார்வையை இறக்கிக்கொண்டான்.

"ஆள் ஏத்தற வண்டிக்கு நான் கல்லு ஏத்தற டயரைப் போட்டிருக்கேன்" என்றான், தரையிடம்.

பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே நல்ல கையால் காட்டினான். அது இல்லை, அதுக்குப் பக்கத்துல. அவள் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள். முதலில் வந்தது கார் ஜாதி, பக்கச்சுவர் தோல் மாதிரி, குவாரிக் கல் ஒரே நாளில் தின்றுவிடும் என்று தள்ளினான். அடுத்ததில் பட்டன் ஆழமாக இருந்தும், எவ்வளவு கனம் தாங்கும் என்று விலாவில் அச்சிட்ட சுமை எண் குறைவு, அவள் வேன் நிறைந்தால் தாங்காது. மூன்றாவதைத் தொடச் சொன்னான். நகத்தை அழுத்தினால் பதிந்து மீண்டது. சுற்றிலும் தண்ணீர் ஓட நீளவாக்கில் பள்ளம், பட்டனுக்கு மேல் கத்தியால் கீறினாற்போல் நுண்ணிய வெட்டுகள். சுமை எண் நிறைந்த வேனுக்குச் சரியாக, கொஞ்சம் மிச்சத்தோடு. விலா தடிமன் முன்னதைவிடக் குறைவுதான், ஆனால் ஓரத்தில் ஒரு ரப்பர் மேடு ஓடியது, கல் முதலில் அதில்தான் இடிக்கும்.

"இது சீக்கிரம் தேயும்" என்றான்.

"தேயட்டும்."

"கல்லு கிழிச்சாலும் கிழிக்கும்."

"கிழிச்சா வந்து சொல்றேன்."

நாலும் ஒரே மாதிரியாக மாட்டச் சொன்னான், பாதி பழசு பாதி புதுசு கூடாது. பிரேக்காரரும் அவளும் மாட்டினார்கள். அவள் முழங்கை இரத்தம் டிஸ்க்கில் சொட்டியது. சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டு, எட்ட நின்று காற்று ஏற்றினார்கள். வண்டியின் கனத்துக்கு எவ்வளவு போதும் என்று அவன் சொன்ன இடத்தில் முள் வந்ததும் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு எழுந்தான். ஒரு காது அவனுக்கு அன்றோடு போயிற்று.

கட்டுப் போட்ட மறுநாளே வேனில் வந்து ஏறினான். அவளுக்குப் பக்கத்து இருக்கையில், நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பின்னால் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"டயர்காரரே, எனக்குக் காறை எலும்பு, உங்களுக்குக் கையா?" என்றாள் சின்னவள், கட்டுப் போட்ட தோளோடு. "பாத்து, இன்னிக்கு நம்ம வண்டில முழுசா இருக்கறது டயர் மட்டும்தான்."

அவன் திரும்பாமல், "உன் எலும்பை ஒடைச்சது நான்தான். பிரேக் இல்ல" என்றான்.

பின்னால் சின்னவள் நல்ல கையால் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சரிவு தொடங்கியது. தார் மீது எண்ணெய் வானவில்லாக மினுங்கியது. முதல் வளைவு போனது. இரண்டாவதில் அவள் பிரேக்கைத் தொட்டாள். வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் யோசித்தது, பிறகு மனசு மாறினாற்போல் முன்பக்கத்தின் பின்னாலேயே வந்தது. இடித்து நொறுங்கிய கட்டைச்சுவர் அவன் ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் கடந்துபோனது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். அவன் கண்ணை மூடவில்லை. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

கேட்டுக்குள் நுழைந்ததும் கல் தரை. கல் அரைக்கிற கிரஷரின் ஓலம். ஏதோ ஒரு கூர்மை சக்கரத்தில் இடித்த சத்தம் டக் என்று கேட்டது. அவன் தோள்கள் இறுகின. பெண்கள் இறங்கியதும் அவள் கீழே குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். ஓர மேட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. பார்க்காத மாதிரி நிமிர்ந்துவிடலாம். அவன் கண் இந்தப் பக்கம் இல்லை, காதும் இல்லை.

அவள் சுற்றிக்கொண்டு அவனுடைய கேட்கிற காதுப் பக்கம் போனாள்.

"வெட்டு விழுந்திருக்கு. முன் சக்கரம், என் பக்கம்."

அவன் இறங்கிவந்து, மண்டியிட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்ற கைக் கட்டைவிரலை வெட்டுக்குள் விட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கல் உடைகிற அதிர்வு தரை வழியாக அவன் முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது.

"மேலோடதான். கம்பி தெரியல" என்றான். "ஓட்டு."